"தைரியமா இரு" என்று சொல்வதற்கு முன், காய்ச்சல் எவ்வளவு என்று கேளுங்கள்

போன வருடம் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து இருபத்து நான்கு வாரம் கீமோ எடுத்துக்கொண்டேன். முதல் நான்கு சைக்கிள் மூன்று வாரத்துக்கு ஒன்று. வார்டில் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்ஸோரூபிசினும் கூடவே சைக்ளோபாஸ்பமைடும். பிறகு பாக்லிடாக்ஸல், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. இந்த மருந்துகள் உடம்பை என்ன செய்யும் என்பதை ஆஸ்பத்திரியில் ஓரளவு சொல்லித்தந்தார்கள். என்னைச் சுற்றியிருந்த அன்பானவர்கள் ஆளுக்கு ஒரு முறை சொன்ன "பாசிட்டிவா இரு" என்ற வார்த்தை என்ன செய்யும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அது என் வாயைக் கட்டியது. அதனால் ஒருமுறை ஐசியு வரை போனேன். இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல் அநாவசியமாகச் செலவானது. விரல் நுனிகளில் உணர்ச்சி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இந்த வாரம் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியிருப்பவரும் அவர் வீட்டுக்காரர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என் கதையைவிட விவரங்கள்தான் உங்களுக்கு உதவும், அதனால் கதையைச் சுருக்கிக்கொள்கிறேன்.

ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். அத்தை, நாத்தனார், சித்தி, எதிர்வீட்டு அக்கா. "எனக்கு ஏதாவது ஆயிட்டா பசங்களை..." என்று நான் ஆரம்பித்ததும் சித்தி என் வாயைப் பொத்தினார். "வாய் முகூர்த்தம் பலிச்சிடும், அப்படியெல்லாம் சொல்லாதே" என்றார். நம் ஊரில் இது வெறும் ஆறுதல் வார்த்தை மட்டும் கிடையாது. கெட்டதைச் சொன்னால் கெட்டது நடக்கும் என்ற பயம் நம் எல்லார் எலும்பிலும் ஊறியிருக்கிறது. பழைய தலைமுறை அதை வாய் முகூர்த்தம் என்றது; இப்போது வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்கள் பிரபஞ்சத்துக்கு அனுப்பும் அலை என்கின்றன. இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். பயத்தைச் சொல்கிறவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். அன்று முதல் என் வீட்டில் 'கேன்சர்' என்ற சொல்லையே யாரும் சொல்லவில்லை. "அந்தக் கட்டி", "அந்த டிரீட்மெண்ட்". எனக்கும் அதுவே பழகிவிட்டது.

இதில் முதல் நஷ்டம் டாக்டரிடம் கேட்காமல் விட்ட கேள்விகள். முதல் சந்திப்பில் என் கணவர், "எல்லாம் சரியாயிடும்ல டாக்டர்?" என்று ஒரே கேள்வி கேட்டார். டாக்டர் புன்னகைத்துத் தலையாட்டினார், வெளியே வந்துவிட்டோம். நீங்கள் அப்படி வராதீர்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்: எந்த ஸ்டேஜ்? கட்டியின் தன்மையைச் சொல்லும் ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற மூன்று பரிசோதனையும் என்ன வந்திருக்கிறது, அதனால் எந்த மருந்து சேரும், எந்த மருந்து தேவைப்படாது? இந்த சிகிச்சையின் நோக்கம் முழுதாகக் குணப்படுத்துவதா, கட்டுக்குள் வைத்திருப்பதா? மொத்தம் எத்தனை சைக்கிள், எத்தனை நாள் இடைவெளி? டாக்ஸோரூபிசின் போடுவதற்கு முன் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுத்தாயிற்றா? ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் எந்த நம்பருக்குப் போன் செய்வது? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் பதில் வாங்காமல் விடவே கூடாது. கூட வருபவரில் ஒருவர் அழாமல் எழுதக்கூடியவராக இருக்கட்டும். டாக்டரிடம் அனுமதி கேட்டு ஃபோனில் பதிவு செய்துகொள்வதும் நல்லது, ஏனென்றால் 'கேன்சர்' என்று காதில் விழுந்த பிறகு சொல்லப்பட்டதில் பாதி மனசில் நிற்பதில்லை.

இரண்டாவது, பணம். "பணத்தைப் பத்தி இப்ப யோசிக்காதே, மனசைச் சந்தோஷமா வெச்சுக்கோ" என்று சொல்லி எனக்கு ஜன்னலில் மரம் தெரியும் டீலக்ஸ் ரூம் எடுத்தார்கள். பாலிசியில் அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு; அந்த ரூம் 8,000. மிச்சம் 3,000 ரூபாயைத்தானே கையிலிருந்து கட்ட வேண்டும் என்று நினைத்தோம். பல பாலிசிகளில் அப்படிக் கிடையாது. வரம்புக்கு மேல் ரூம் எடுத்தால் மருந்து தவிர்த்து சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம், டாக்டர் விசிட் எல்லாமே அதே விகிதத்தில் குறைக்கப்படும். எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். இப்படி 62,000 ரூபாய் போனது. அட்மிட் ஆவதற்கு முன் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்து அறை வாடகை வரம்பு, கீமோவை டே கேரில் (அன்றே வீடு திரும்பும் சிகிச்சை) சேர்ப்பார்களா, முன் அனுமதி எப்போது கேட்க வேண்டும், அவசரத்தில் சேர்ந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனியார் பாலிசி இல்லாத குடும்பம் என்றால் முதல் வாரமே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு அலையத் தொடங்குங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். இந்தப் பேச்சையெல்லாம் நோயாளியை வைத்துக்கொண்டே பேசுங்கள். எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்று தெரியாமல் படுத்திருப்பவளுக்கு நிம்மதி வராது. அவள் மனசுக்குள் அதைவிடப் பெரிய தொகையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

முதல் கீமோ முடிந்து மூன்று நாள் வாந்தி. "மனசு திடமா இருந்தா வாந்தி வராது" என்று ஒருவர் சொன்னதை நான் நம்பினேன், எழுதிக்கொடுத்த மாத்திரையைக் 'கஷ்டம் அதிகமானால்' போடலாம் என்று தள்ளிப்போட்டேன். கீமோ வாந்திக்கும் மனதிடத்துக்கும் சம்பந்தம் கிடையாது. மருந்து குடலிலும் மூளையிலும் வாந்தியைத் தூண்டும் இடங்களை நேரடியாகத் தொடுகிறது. வாந்தி தடுப்பு மாத்திரை வருமுன் தடுக்கத்தான், வந்த பிறகு அதன் பலம் குறைவு. ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், அப்ரெபிடன்ட், ஓலன்சபின் என்று எது எழுதியிருந்தாலும் எழுதிய நேரத்துக்கு, எழுதிய நாள் வரை போடுங்கள். ஒன்டான்செட்ரான் மலச்சிக்கல் கொடுக்கும், அதற்கும் முதல் நாளே மருந்து கேட்டு வாங்குங்கள். மாத்திரை போட்டும் வாந்தி நிற்கவில்லை என்றால் அடுத்த சைக்கிளில் மருந்தை மாற்ற முடியும். ஆனால் டாக்டரிடம் "எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு "நல்லா இருந்தேன் டாக்டர்" என்று நான் சொன்ன மாதிரி சொன்னால், அவர் எதை மாற்றுவார்? வாய்ப்புண்ணும் அப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கொப்பளித்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். தண்ணீரே விழுங்க முடியாத அளவுக்குப் போனால் அன்றே போன் செய்ய வேண்டும். நான் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் காய்ச்சல். இரண்டாவது சைக்கிள் முடிந்து பத்தாம் நாள் ராத்திரி பதினொரு மணி. தெர்மாமீட்டர் 100.6 காட்டியது. மறுநாள் மகனுக்குப் பரீட்சை. அன்று காலைதான் அத்தை வந்தவர்களிடம் "எங்க மருமக சிங்கம், ஒரு நாள்கூட முகம் வாடலை" என்று சொல்லியிருந்தார். ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். வியர்த்தது, காய்ச்சல் இறங்கியது. தேறிவிட்டேன் என்று நானே நம்பினேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பாத்ரூமில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணே 80-க்கு இறங்கியிருந்தது. ஆறு நாள் அட்மிஷன், அதில் இரண்டு நாள் ஐசியு. பில் 1,42,000 ரூபாய். அந்தத் தொகை பாலிசியின் மொத்த வரம்பில் கழிந்ததால் கடைசி நான்கு வார பாக்லிடாக்ஸலுக்கு நகையை அடகு வைத்தோம்.

இதைப் படிப்பவர்கள் வேறெதை மறந்தாலும் இந்தப் பத்தியை மறக்க வேண்டாம். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அதில் கிருமியோடு முதலில் சண்டை போடும் நியூட்ரோஃபில் அணுக்கள் 500-க்குக் கீழே போனால், சாதாரணமாக நம் தோலிலும் குடலிலும் குடியிருக்கும் கிருமியே ரத்தத்தில் நுழைந்துவிடும். சீழ், சிவப்பு, வீக்கம் எல்லாம் வெள்ளையணு செய்யும் வேலைகள். அணுவே இல்லாதபோது அவையும் வராது. வெளியே தெரியும் ஒரே அடையாளம் பெரும்பாலும் காய்ச்சல்தான். அதனால்தான் 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, ஒரே ஒரு முறை 101 தொட்டாலோ அது அவசரம். காலை வரை காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். டாக்டரிடம் பேசுவதற்கு முன் பாராசிட்டமால் போடாதீர்கள். அது கிருமியைத் தொடாது, காய்ச்சல் என்ற அடையாளத்தை மட்டும் மறைக்கும், எனக்கு மறைத்த மாதிரி. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிப் படுக்கை அருகில் வையுங்கள். சூடான காபி குடித்தால் பதினைந்து நிமிடம் கழித்து வாயில் வையுங்கள். அக்குளில் வைத்தால் வாயைவிடக் குறைவாகவே காட்டும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்புங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக "கீமோ போட்டு பத்தாவது நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள். எனக்கு அடுத்த சைக்கிளிலிருந்து கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து, வெள்ளையணுக்களைக் கூட்டும் பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்டார்கள், அதன்பின் காய்ச்சல் வரவில்லை. அந்த ஊசியால் இடுப்பெலும்பு, தொடையெலும்பு எல்லாம் இரண்டு மூன்று நாள் வலிக்கும். இந்த முறை வலிக்கிறது என்று சொன்னேன், அதற்கும் மருந்து கொடுத்தார்கள்.

ஐசியுவில் இருந்து வந்த பிறகு வீட்டில் கிடைத்த விளக்கம்தான் என்னை மிகவும் உடைத்தது. "நீ உள்ளுக்குள்ள பயந்துட்டே இருந்தே, அதான் இப்படி ஆயிடுச்சு." வெள்ளையணு குறைந்ததும் என் தப்பு. இந்தப் பழியை நோயாளி தலையில் ஏற்றுவதுதான் இந்தப் பேச்சின் மிகக் கொடூரமான பகுதி என்று நினைக்கிறேன். நல்லபடி நினைத்தால் குணமாகும் என்றால், குணமாகாதவர் சரியாக நினைக்கவில்லை என்று ஆகிறது. நோய் திரும்பி வந்த ஒருவர் அந்த எண்ணத்தோடு எத்தனை ராத்திரி விழித்திருப்பார்? அதனால் இதில் உண்மை எவ்வளவு என்று தேடிப் படித்தேன். இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது 1989-ல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களில், வாரம் ஒருமுறை குழுவாக உட்கார்ந்து பேசியவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்றது அது. அந்தக் குழுவில் யாரும் "எல்லாம் நல்லதே" என்று உட்கார்ந்திருக்கவில்லை. சாவைப் பற்றிய பயத்தையும் கோபத்தையும் அழுகையையும் வெளியே கொண்டுவருவதுதான் அந்த முறை. பிறகு கனடாவில் 235 பெண்களை வைத்து அதே முறையைச் சோதித்து 2001-ல் வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை, ஆனால் மனவேதனையும் வலியும் குறைந்தன. ஸ்பீகலே 125 பெண்களை வைத்து மறுபடி செய்து 2007-ல் வெளியிட்டதிலும் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. அதே வருடம் ஜேம்ஸ் காய்ன் குழுவினர் தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 1,093 பேரின் மனநிலையையும் ஆயுளையும் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. புற்றுநோயாளிகளின் மனநலம் என்று தனித் துறையே உருவாகக் காரணமாக இருந்த ஜிம்மி ஹாலண்ட் என்ற மருத்துவர் இந்தக் கட்டாயத்தை 'நேர்மறைச் சிந்தனையின் கொடுங்கோன்மை' என்றே அழைத்தார். இயல்பிலேயே கலகலப்பானவர் கலகலப்பாக இருக்கட்டும், அது அவர் குணம். பயப்படுகிறவர் பயப்படுவதால் கட்டி வளராது. இதைப் படித்த அன்றுதான் நான் பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அதற்குள் இன்னொரு 18,000 ரூபாய் போயிருந்தது. மூன்று நாள் மனவலிமைப் பயிற்சி என்று உறவினர் ஒருவர் சேர்த்துவிட்டார். கண்ணாடி முன் நின்று "நான் ஆரோக்கியமாக இருக்கிறேன்" என்று ஒரு நாளைக்கு நூறு முறை சொல்ல வேண்டும். தலையில் ஒரு முடி இல்லாமல் கண்ணாடியைப் பார்த்து அதைச் சொல்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து ஒரு குரல் "பொய்" என்றது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் இதையேதான் கண்டார்கள்: தன்னைப் பற்றிக் குறைவாக நினைப்பவர்கள் 'நான் அன்புக்குத் தகுந்தவன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது முன்பைவிட மோசமாக உணர்ந்தார்கள். தேவைப்படாதவர்களுக்குத்தான் அது கொஞ்சம் உதவியது. பணம் போனது போகட்டும். இப்படிப்பட்ட இடங்களில் யாராவது "மனசு வெச்சா கீமோ தேவையில்லை", "முள் சீத்தா சாறு போதும்" என்று ஆரம்பித்தால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் திரும்பக் கிடைக்காது.

பாக்லிடாக்ஸல் ஐந்தாம் வாரத்தில் புள்ளிக் கோலம் போடும்போது மாவு விரலிடுக்கில் நிற்காமல் கொட்டியது. ஏழாம் வாரத்தில் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. எட்டாம் வாரம் செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் நாலு அடி நடந்தேன். "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, உயிர் பிழைச்சதே பெருசு" என்ற பேச்சு காதில் இருந்ததால் இதையும் பத்தாம் வாரம் வரை சொல்லவில்லை. மருந்து நரம்பு நுனிகளைப் பாதிப்பதால் வரும் மரமரப்பு இது. ஆரம்பத்தில் சொன்னால் டோஸைக் குறைப்பார்கள், ஒரு வாரம் தள்ளிவைப்பார்கள், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். தாமதித்தால் சிலருக்கு அது தங்கிவிடும். வந்த பிறகு எரிச்சல் வலிக்கு டுலாக்ஸெடின் ஓரளவு கேட்கும், மரத்த உணர்ச்சியைத் திருப்பித்தரும் மாத்திரை கிடையாது. டாக்டரிடம் "லேசா மதமதப்பு" என்று சொன்னால் அவருக்கு அளவு புரியாது. கையால் செய்யும் வேலையை வைத்துச் சொல்லுங்கள்: கொக்கி மாட்ட முடிகிறதா, ஊக்கு குத்த முடிகிறதா, தரையிலிருந்து நாணயத்தை எடுக்க முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா. முதல் பாக்லிடாக்ஸல் போடுவதற்கு முன்பே இந்த நான்கையும் ஒருமுறை செய்து பார்த்து வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட வசதி. மரத்த விரலோடு அடுப்படியில் நிற்கும்போது சூடு தெரியாது, பாத்திரத்தைத் துணி இல்லாமல் தொடாதீர்கள்.

கடைசி மூன்று வாரம் எனக்கு உருப்படியாக உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு நாளைக்கு ஒரு வரி. தேதி, கீமோ போட்டு எத்தனையாவது நாள், காலையும் இரவும் காய்ச்சல் அளவு, வாந்தி எத்தனை தடவை, மலம் போனதா, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, தூக்கம் எத்தனை மணி நேரம், விரல் மரப்பு கூடியதா. அதோடு இன்னொரு எண்ணும் உண்டு. டே கேரில் ஒரு சிஸ்டர் ஒரு தாளைக் காட்டினார். தெர்மாமீட்டர் படம், கீழே பூஜ்யம், மேலே பத்து. போன ஒரு வாரத்தில் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டது என்று ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். புற்றுநோய் மருத்துவமனைகளில் பல நாடுகளில் பயன்படுத்தும் அளவுகோல் இது. நான்கு அல்லது அதற்கு மேல் வந்தால் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும் என்று கணக்கு. நான் எட்டைச் சுற்றினேன். எட்டு என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. பேனாவால் சுற்ற முடிந்தது. அடுத்த முறை டாக்டரிடம் பேச வாய் திறக்காமல் நோட்டை நீட்டினேன். அவர் இரண்டு நிமிடம் படித்துவிட்டு மூன்று மருந்துகளை மாற்றினார்.

சோகமும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அழுவது நோய் கிடையாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட எல்லா நாளும் மனசு கனமாகவே இருந்தாலோ, முன்பு பிடித்த எதிலும் ஆசை இல்லாமல் போனாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே. டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவரிடம் போகும்போது புற்றுநோய் ஃபைலையும் எடுத்துப்போங்கள். முக்கியமாக, மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சையாகக் கொடுக்கும் தமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பாராக்ஸெடின், ஃபுளுவாக்ஸெடின் போன்ற சில மருந்துகள் ஈரலில் தமோக்சிஃபென் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். வென்லாஃபாக்ஸின் போல அந்தத் தொந்தரவு குறைவான மருந்துகள் இருக்கின்றன, கேட்டால் மாற்றித் தருவார்கள். அடக்கி அடக்கிப் பழகியவர்களுக்கு இன்னொரு எளிய வழி, எழுதுவது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களிலிருந்து ஆராய்ந்த முறை: நான்கு நாள், ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், எழுத்துப்பிழை பார்க்காமல், யாருக்கும் காட்டாமல், மிகவும் வலிப்பதைப் பற்றி மட்டும். எழுதிய உடனே மனசு இன்னும் கனமாக இருக்கும், அது ஓரிரு மணி நேரத்தில் இறங்கும். நாளுக்கு நாள் மோசமானால் நிறுத்திவிடுங்கள். எழுதிய தாளைக் கிழித்தும் போடலாம், நான் அடுப்பில் போட்டேன்.

பார்க்க வருகிறவர்களுக்கும் சில வார்த்தை. நீங்கள் பாசத்தில்தான் சொல்கிறீர்கள் என்று படுத்திருப்பவருக்குத் தெரியும், அதனால்தான் உங்களை மறுத்துப் பேச முடியாமல் தவிக்கிறார். "தைரியமா இரு" என்பதற்குப் பதில் "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். 'இன்னிக்கு' என்ற சொல் முக்கியம், அது பதில் சொல்லக்கூடிய அளவுக்குச் சின்னக் கேள்வி. "பயமா இருக்கு" என்று அவர் சொன்னால் "பயமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்காருங்கள். இரண்டு நிமிட மௌனத்தை உங்களால் தாங்க முடியும். "எது வேணும்னாலும் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை கீமோவுக்கு நான் கூட வர்றேன்", "சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு எங்க வீட்டுலேர்ந்து வரும்", "பசங்களை டியூஷன்ல நான் விடறேன்" என்று நாளும் வேலையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாரோ ஒருவருக்கு இதே நோய் வந்து இப்போது ஜோராக இருக்கிறார் என்ற கதையும் வேண்டாம், செத்துப்போன ஆளின் கதையும் வேண்டாம். சளி இருமல் இருந்தால் வரவே வேண்டாம், ஃபோனில் பேசுங்கள்.

வீட்டில் பிள்ளைகளுக்கு நோயின் பெயரைச் சொல்லுங்கள். என் மகள் பத்து வயது; அவளிடம் 'கட்டி' என்றே சொல்லி வைத்திருந்தோம். தன்னால்தான் அம்மாவுக்கு முடி கொட்டியது, தான் சண்டை போட்டதால் வந்தது என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இது நீ செய்ததால் வரவில்லை, ஒட்டிக்கொள்ளாது, மடியில் படுக்கலாம், கீமோ நாளில் உன்னை யார் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவார்கள் என்பதையெல்லாம் ஒரே நாளில் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் போதும். பெரியவர்களில் அதிகம் தவறவிடப்படுபவர் கூடவே இருக்கும் கணவரோ அம்மாவோதான். என் கணவர் எனக்கு எதிரில் சிரித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு சர்க்கரை ஏறியிருந்ததை ஆறு மாதம் யாரும் பரிசோதிக்கவில்லை.

அந்தத் தெர்மாமீட்டர் படத்தை வெட்டி எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துவிட்டு ஆளுக்கு ஓர் எண் சொல்வது பழக்கமாகிவிட்டது. யாரும் அதற்கு அறிவுரை சொல்லக் கூடாது என்பது மட்டும் விதி. அடுத்த வாரம் எனக்கு வருடாந்திர மாமோகிராம். போன ஞாயிறு நான் ஆறு என்றேன். அத்தை மூன்று என்றார், பிறகு யோசித்து ஐந்து என்றார். என் கணவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்பது என்றார்.